தனி வரியில் நின்ற நிபந்தனை

பல் மருத்துவமனையின் கணினி அறையில் முகத்துக்கு நேரே அவர் சார். முதுகுக்குப் பின்னால் கேப்பிடல். டேட்டாபேஸுக்கு வேலை சொல்லும் கொயரி எதுவானாலும் ஆங்கிலக் கட்டளைச் சொற்கள் கேப்பிடல் என்ற பெரிய எழுத்தில், தனித்தனி வரியில் இருந்தாக வேண்டும் அவருக்கு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லாத தமிழில் பேசி வளர்ந்த மனிதருக்கு இந்தப் பித்து எங்கிருந்து பிடித்தது என்று தெரியவில்லை. இயந்திரத்துக்கோ இரண்டும் ஒன்றுதான்.

பக்கத்து மேசைப் பெண் நேர்மாறு. எல்லாம் சின்ன எழுத்து, எல்லாம் ஒரே வரி, கூட்ஸ் வண்டி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். அவள் எழுதுவதை அவர் பார்த்துச் சரி சொன்ன பிறகே ஓட்டலாம். அவர் திருப்பி அனுப்பாத நாளே கிடையாது.

"ரெண்டும் ஒரே வேலையத்தானே சார் செய்யுது?"

"குளிக்காமக்கூட ஆபீஸ் வரலாம்மா. வர்றோமா?"

அன்று ஒரு டாக்டர் திடீர் விடுப்பு. அவருடைய நோயாளிகளை மட்டும் திங்கட்கிழமைக்குத் தள்ள வேண்டும். அவள் எழுதி அனுப்பியது சரியாகத்தான் இருந்தது. கேப்பிடலுக்குத்தான் கண்ணை உறுத்தியது. திருப்பி அனுப்ப நேரமில்லாததால் தானே அழகாகப் பிரித்தார். என்ன மாற்றுவது என்பது ஒரு வரி, எந்தத் தேதிக்கு என்பது ஒரு வரி, இந்த டாக்டருக்கு மட்டும் என்ற நிபந்தனை கடைசி வரி. ஓட்டுவதற்காக மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தபோது அந்தக் கடைசி வரி விட்டுப்போனது. தேர்ந்தெடுத்ததை மட்டுமே இயந்திரம் ஓட்டும். ஓட்டியது. ஊரின் பல்வலி மொத்தமும் திங்கட்கிழமைக்கு மாறியது.

வரவேற்பறைப் போன்கள் அலறத் தொடங்க, மேலாளர் வந்தார். கொயரியை எழுதியது யார் என்று கேட்டார், அவள்தான் என்றதும் அவளிடம் திரும்பினார். "சார் தலைபாடா அடிச்சுக்கிறாரே, ஒழுங்கா எழுதுன்னு. கேட்டியா? நாளையிலிருந்து டோக்கன் கவுன்டருக்குப் போயிடு."

அவள் சாரைப் பார்த்தாள். அவர் திரையைப் பார்த்தார். தேர்ந்தெடுத்த மேல் வரிகள் நீலம் பூசிக் கிடக்க, கடைசி வரி மட்டும் வெள்ளையாக, பெரிய எழுத்தில், படிக்க வெகு சுலபமாக இருந்தது.

மேலாளர் கதவைத் தாண்டும்வரை அவருக்கு வாய் வரவில்லை. அந்தச் சில நொடிகள்தான் பிறகு அவரை அறுத்தன. பின்னாலேயே ஓடிப்போய், "அவ எழுதினது சரிங்க. வரி பிரிச்சதும் நான், ஒரு வரிய விட்டதும் நான்" என்றார். அவளைக் காப்பாற்றப் பெருந்தன்மையாகப் பழியைச் சுமக்கிறார் என்று மேலாளர் தோளைத் தட்டிக்கொடுத்தார். திரைமுன் இழுத்துவந்து காட்டித்தான் நம்பவைக்க முடிந்தது. தப்பு செய்வது சுலபமாக இருந்தது, அதற்குச் சொந்தம் கொண்டாடுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. கவுன்டர் பேச்சை மேலாளர் அங்கேயே விழுங்கினார்.

பழைய தேதிகளை மீட்கும் கொயரியை அவளே எழுதினாள். வழக்கப்படி அவர் பார்வைக்கு வந்தது. கட்டளைச் சொல் அத்தனையும் பெரிய எழுத்து. ஒவ்வொன்றும் தனி வரி.

"இப்படித்தானே சார் உங்களுக்குப் பிடிக்கும்?" குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

சரி என்று பதில் போட்டார். மவுஸைத் தொடக் கை வரவில்லை.

"நீயே ஓட்டிடும்மா."