கைக்குப் போதுமான வெளிச்சம்

எங்கள் வீட்டில் கரண்ட் போனால் பேச்சும் போய்விடும். என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவள் பேசுவது கையால், நான் பதில் சொல்வதும் கையால். பள்ளியில் அவள் கற்றுக்கொண்ட சைகை மொழி பாதி, வீட்டில் நாங்களே உண்டாக்கிக்கொண்டது மீதி. நெற்றியில் விரல் வைத்தால் அம்மா, பொட்டுக்காக. தலைக்கு மேலே விசில் கயிற்றை இழுத்தால் அப்பா, அவர் ரயில்வேயில் இருந்தவர். மூக்கைத் துடைத்தால் அக்கா, அதாவது நான். சின்ன வயதில் எனக்கு எந்நேரமும் மூக்கு ஒழுகுமாம். இன்றைக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக் கவுன்டரில் எத்தனை மரியாதையாக உட்கார்ந்திருந்தாலும், அவள் என்னைக் கூப்பிடுவது மூக்கைத் துடைத்துத்தான். இந்த வயதுக்கு மேல் பெயரை மாற்றவா முடியும்?

அம்மாவும் அப்பாவும் போன பிறகு அந்த ஃபிளாட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம், வெளியே நல்ல மழை. தங்கை ரவிக்கை தைப்பவள். தைத்துக்கொண்டிருந்ததை ஒதுக்கி வைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"உங்கிட்ட ஒன்னு சொல்லணும்," என்றாள். அவள் கை சொல்வதை என் வாய்த்தமிழில் எழுதுகிறேன், வேறு வழி தெரியவில்லை.

இரண்டு கைகளையும் தூக்கினாள். அவை தொண்டைக்குழி வரை வந்தன. அப்போது பார்த்து ஓர் இடி இடித்தது. எங்கள் வீடும் எதிர் புளோக்கும் ஒன்றாக இருண்டன.

இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்தாள். பிறகு மெல்ல விட்டுவிட்டாள். வெளிச்சம் வந்ததும், "என்னடி சொல்ல வந்தே?" என்று கேட்டேன். "ஒன்னுமில்ல," என்று கையை உதறினாள். மறுபடி கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள். காது கேட்காதவள் கண்ணையும் மூடிக்கொண்டால் அவளிடம் யார் என்ன கேட்பது?

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவள் மேல் இல்லை, அந்த இருட்டின் மேல். தைரியத்தை எல்லாம் சேர்த்துக்கொண்டு வந்து பேச உட்கார்ந்திருக்கிறாள். அப்படி வருகிற பேச்சு ஒரு தடவை நின்றால் அவளுக்குச் சுலபத்தில் திரும்ப வராது. என்னவாக இருக்கும்? உடம்புக்கு ஏதாவதா? மறுநாள் முழுக்க அதே யோசனை. கிளினிக்கில் ஒருவருடைய அப்பாயின்ட்மென்ட்டை இன்னொருவருக்குக் கொடுத்துத் திட்டு வாங்கினேன். இனி ஒரு முறை கரண்ட் போனால் அவள் பேச்சு பாதியில் நிற்கக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன்.

போனில் டார்ச் இருக்கிறதே என்று கேட்பார்கள். அதை ஒரு கையில் பிடித்தால் பாதி வாயைப் பொத்திக்கொண்ட மாதிரி. மேசையில் வைத்தால் கூரைக்கு வெளிச்சம், முகத்துக்கு நிழல். நெற்றியில் கட்டுகிற விளக்கு எதிரே இருப்பவர் கண்ணைக் கூசவைக்கும். போனில் எழுதிக் காட்டலாமே என்றால் தங்கைக்குப் பிடிக்காது. அது ஆபீஸ் பேச்சு என்பாள். எங்களுக்கு வேண்டியதை யாரும் விற்கவில்லை. நானே செய்வது என்று முடிவெடுத்தேன். பல்பு மாற்றவே ஆள் தேடுகிற எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை. நாலைந்து வீடியோவைப் பார்த்துவிட்டு, எலக்ட்ரானிக் சாமான் கடைகள் இருக்கிற ஜாலான் பாசார் தெருவுக்குக் கிளம்பினேன்.

அங்கே ஒரு கடைக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தேன். தரையிலிருந்து கூரை வரை சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் மிளகும் சீரகமும் போலப் பொருட்கள். ரெசிஸ்டர் என்றால் பெரிதாக ஏதோ என்று நினைத்திருந்தேன். அரிசி மணிக்குக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். உடம்பில் நீலம், சாம்பல், கறுப்பு, தங்கம் என்று வளையல் போட்டிருந்தது. பேட்டரி கொடுப்பதை எல்லாம் எல்.இ.டி குடித்தால் கருகிவிடுமாம். இது குறுக்கே நின்று அளவாகக் கொடுக்குமாம். எல்.இ.டியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். கண்ணாடி போன்ற தலைக்குள்ளே ஒரு மஞ்சள் புள்ளி, அம்மா வைத்துக்கொண்ட பொட்டைவிட எத்தனையோ மடங்கு சின்னது. அதிலிருந்துதான் அவ்வளவு வெள்ளை வெளிச்சமா?

"இனி பாலிங் தேராங் லா, ஆன்டி," என்றார் கடைக்காரச் சீன அங்கிள். இருப்பதிலேயே இதுதான் பிரகாசம் என்று மலாயில் சொல்கிறார். பிரகாசம்தானே வேண்டும்? வாங்கிக்கொண்டேன்.

சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, விரலை இரண்டு இடத்தில் சுட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் ஈயத்தால் பற்றவைத்தேன். எல்.இ.டியின் நீளமான கால் பேட்டரியின் பிளஸ் பக்கம். சுவிட்சைத் தட்டினேன். எரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சமையலறை மேசையில் நான் கூட்டிச் சேர்த்த நாலு துண்டுப் பொருள், வெளிச்சம் தருகிறது! தங்கையை இழுத்து வந்து, வீட்டு விளக்கை எல்லாம் அணைத்து, பேசு என்றேன்.

அவள் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனாள். கை காணாமல் போனது. தலைக்கு மேலே கயிறு இழுத்தாளோ என்னவோ, அதுவும் தெரியவில்லை. அவள் கழுத்தருகே ஒரு தட்டு அளவுக்குக் கண்ணைப் பறிக்கும் வட்டம். அதற்குள் அவள் கழுத்துச் சங்கிலி மட்டும் மின்னியது. நாலாபக்கமும் பறந்து பேசுகிற கைகளுக்கு நான் ஊசி முனை வெளிச்சத்தை வாங்கி வந்திருக்கிறேன். வீட்டு விளக்கைப் போட்டதும் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"திருடனப் புடிக்கவா போறே? சனிக்கிழம நானும் வரேன்."

சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். எப்படிச் சோதிப்பது என்று அவள்தான் சொன்னாள். நான் அங்கிளிடம் கேட்டேன். ஸ்டோர் ரூமில் கொஞ்சம் லைட்டை அணைக்கலாமா? அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெட்டிகளை ஒதுக்கி இடம் பண்ணி, ஒரு பட்டன் பேட்டரியும் கைநிறைய எல்.இ.டிகளும் கொடுத்து, விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். பேட்டரியின் இரண்டு பக்கமும் கால்கள் படும்படி ஒவ்வொன்றாகச் செருகி அலமாரியில் வைத்தேன். அவள் அம்மா என்றாள், அப்பா என்றாள், மூக்கைத் துடைத்தாள். படிக்க முடியாததை எல்லாம் ஒதுக்கினோம். நீலம் கலந்த வெள்ளையில் விரல்களின் நிழல் ஒன்றை ஒன்று மறைத்தது, அதுவும் வேண்டாம்.

கடைசியில் தலை சப்பையாக, இளமஞ்சளாக ஒன்று. மங்கல், வாங்காதே என்று அங்கிள் முகத்தைச் சுளித்துக் கொடுத்தது அதைத்தான். செருகியதும் வெளிச்சம் வட்டமாக நிற்காமல் அறை முழுக்க மெல்லப் பரவியது. அவள் நெற்றி தெரிந்தது. தலைக்கு மேலே கயிறு தெரிந்தது. ஒவ்வொரு விரலும் தெரிந்தது. அந்த மிளகளவுப் பொருளிலிருந்து என் தங்கையின் முழு உருவமும் வெளியே வந்து நின்றது. நான் பிரமித்துப் போனேன்.

"இதுதான்," என்றேன்.

அவள் கை இறங்கவில்லை. இரண்டும் தொண்டைக்குழிக்கு வந்தன, அன்றைக்கு நின்ற அதே இடத்துக்கு. அங்கிருந்து கழுத்தின் இரண்டு பக்கமும் நகர்ந்து பிடரிக்குப் போயின. ஒரு முடிச்சுப் போட்டாள். இன்னொன்று. மூன்றாவது. முழங்கைகள் விரிந்து நின்றன, முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு இரண்டு விரலால் நண்டு மாதிரிக் கவ்விக் காட்டினாள். எங்கள் வீட்டில் அது கிள்ளான், கடலோர ஊர். அங்கே போனாலே நண்டு சாப்பிடாமல் வரமாட்டோம். பிறகு காதைத் தொட்டுக் கையை ஆட்டினாள்.

"அவருக்கும் கேக்காது. கிள்ளான்லதான் வீடு. உன்னத் தனியா விட்டுட்டு எப்படிப் போறதுன்னுதான்..."

நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதி, போகப் போகிறாள் என்ற வலி, இரண்டும் ஒன்றாக வந்து தொண்டையை அடைத்தன. நல்லவேளை, எங்கள் பேச்சுக்குத் தொண்டை தேவையில்லை.

"போடி. பெரிய கவல," என்றேன். "அங்க கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க? ரெண்டு பேருக்குமே கைதானே வாய்?"

அவள் அலமாரியில் இருந்த வெளிச்சத்தைக் காட்டினாள். "அங்க ஒன்னு. இங்க ஒன்னு, நான் வர்றப்ப பேசணும்ல."

கதவு திறந்தது. "சாத்து செட் கா?" என்று கேட்டார் அங்கிள். ஒரு செட்டா என்கிறார்.

"துவா, அங்கிள்," என்று இரண்டு விரலைக் காட்டினேன். "துவா செட்."