மதலேனா வைத்த சொதி

இலுப்பைக்கடவைப் பக்கத்து முதியோர் இல்லத்தில் ஆட்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கிப் படுக்கவைப்பவள் மதலேனா. வாய் காரம், கை இளக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து யார் வந்து இறங்கினாலும் முதல் வேலையாக தேங்காய்ப்பால் விட்டு நீர்க்க விளைமீன் சொதி வைத்துவிடுவாள். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் நாக்குச் செத்துப்போய் வருகிறவர்களுக்கு அவள் கொடுக்கும் வரவேற்பு அதுதான். அந்தக் கடற்கரைச் சனம் வீட்டு நோயாளிக்குச் செய்வதும் அதைத்தான்.

லோறன்ஸ் பாரிசவாதத்தில் விழுந்து, பேச்சும் வலப்பக்கமும் போய், ஓட்டோவில் வந்து இறங்கினார். கடலே கதியென்று கிடந்த மனிதர். ஒரே மகள் றொஷேலுக்கு வவுனியாவில் வேலை, லீவு கிடைக்கவில்லை. ஓட்டோக்கார அன்ரனி மருந்துப் பையைக் கதிரையில் வைத்துவிட்டு அடுத்த ஓட்டத்துக்குப் போய்விட்டான். கிழவருக்கு எப்படி ஊட்டுவது என்று சொல்ல ஒருவரும் இல்லை. மதலேனாவும் கேட்கவில்லை. பசித்தவருக்குச் சாப்பாடு கொடுக்க யாரிடம் கேட்பது?

சொதிக் கோப்பையை வாயில் வைத்ததும் அவருடைய கண் கலங்கியது. உறிஞ்சிக் குடித்தார். இருமினார்.

"மெல்ல, மெல்ல. ஒருத்தரும் பறிக்கேல்லை" என்று தலையில் தட்டிப் பகிடி பண்ணினாள். மறுபடி குடித்தார், மறுபடி இருமினார். அடுத்த நாளும் கொடுத்தாள். பிறகு உடம்பு அனலாய்க் காய்ந்தது, மூச்சு இழுத்தது.

திரும்ப ஆஸ்பத்திரி வாட்டுக்குக் கொண்டுபோனபோது நேர்ஸ் சுவேதினி அவள்மேல் பாய்ந்தாள்.

"அவருக்குச் சரியா விழுங்கேலாது, தண்ணியா ஒண்டும் குடுக்க வேண்டாம், களி மாதிரித் தடிப்பாக் குடுங்கோ எண்டு சொன்னனாங்கள்தானே! எல்லாம் புரையேறி நெஞ்சுக்குள்ளை போயிட்டுது."

"ஆரிட்டைச் சொன்னனீங்கள், மிஸ்?"

"வீட்டு ஆக்களிட்டை."

லோறன்ஸ் அந்தக் கட்டிலை விட்டு எழும்பவில்லை.

சேமக்காலையில் அடக்கம் முடிந்ததும் றொஷேல் மதலேனாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கடைசியா அப்பாவுக்கு வாய்க்கு ருசியாக் குடுத்தனீங்கள் எண்டு இல்லத்துச் சிஸ்டர் சொன்னவ. மாதா உங்களைக் கைவிடமாட்டா, அக்கா."

மதலேனா பேசாமல் இருந்திருக்கலாம். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு போக மனம் இடம் கொடுக்கவில்லை.

"அந்தச் சொதியாலதான் பிள்ளை அப்பா போனவர். தண்ணியாக் குடுக்கக்கூடாதாம். எனக்குத் தெரியாது."

றொஷேல் அவளுடைய கையை விட்டாள். புது மண் பக்கம் திரும்பினாள்.

"தண்ணியாக் குடுக்கக்கூடாதெண்டு எனக்குத் தெரியும், அக்கா" என்றாள். "வாட்டில இருந்து எனக்குத்தான் போன் பண்ணிச் சொன்னவை. உங்களுக்கும் சொல்லியிருப்பினம் எண்டு நினைச்சிட்டன்."



இப்போது யாரை இல்லத்துக்கு அனுப்புவதானாலும் அவளே பஸ் ஏறி வாட்டுக்குப் போகிறாள். போன கிழமை ஒரு கிழவியைக் கூட்டிவரப் போனபோது, "எல்லாம் மகனுக்குச் சொல்லிட்டம், நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள் சுவேதினி. மதலேனா கட்டில் விளிம்பைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

"மகன் ஊட்டப்போறதில்லை, மிஸ். நான்தான் ஊட்டப்போறன். எனக்கு முன்னால ஒருக்கா ஊட்டிக் காட்டுங்கோ."