ஒரு தூக்கத்துக்கு எவ்வளவு வெயில்?

"ஒரு மனுஷன் ஒரு ராத்திரி நல்லாத் தூங்கணும்னா எவ்வளவு வெயில் வேணும், சொல்லு பாப்போம்?"

தில்லி மயூர் விஹாரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டி லிஃப்டில் நல்லசிவம் ஸார் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. விடுகதை போலிருக்கிறது என்று சிரித்துவைத்தேன். அவர் சிரிக்கவில்லை. நான்காவது மாடி வந்ததும் இறங்கிப் போய்விட்டார். அது விடுகதை இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவருக்கு நிஜமாகவே அந்தப் பதில் தேவைப்பட்டது.

நல்லசிவம் திருநெல்வேலிக்காரர். அரசு மின் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்து, கல்யாணமான புதிதில் தில்லிக்கு வந்தவர். ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. "ஊருக்கெல்லாம் கரண்ட் வித்தவன்லா நான்" என்று பெருமையாகச் சொல்வார். வீட்டில் ஃபியூஸ் போனால் மட்டும் எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போடுவார்.

சில வருஷங்களுக்கு முன் அவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வர ஆரம்பித்தது. பெரிய குறட்டை, நடுவில் ஒரு மௌனம், பிறகு தண்ணீருக்குள்ளிருந்து மேலே வருகிறவர்போல ஒரு திணறல். அந்த மௌனத்துக்குப் பயந்து அவர் மனைவி தங்கம் விடிய விடிய விழித்திருப்பார். டாக்டர் ஒரு மிஷினை எழுதிக்கொடுத்தார். தலைமாட்டில் வைத்துக்கொள்ளும் சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மூக்குக்கு ஒரு மாஸ்க். ராத்திரி முழுக்க அது காற்றை மூக்குக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். முதல் நாள் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தவர், "பிள்ளையாராயிட்டேன் தங்கம்" என்றார். அன்றைக்குத்தான் இரண்டு பேரும் நன்றாகத் தூங்கினார்கள்.

ஆனால் மிஷினுக்குக் கரண்ட் வேண்டும். அதிலிருந்து நல்லசிவம் இரவு ரயிலில் ஏறுவதில்லை. ஹோட்டல் அறைக்குள் நுழைந்தால் மற்றவர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள், அவர் பிளக் பாயின்ட்டைத் தேடுவார். யாராவது சேர்ந்து வெளியூர் போகலாம் என்று கூப்பிட்டால் முதுகுவலி வந்துவிடும். முதுகில் ஒன்றும் இல்லை என்பது தங்கத்துக்கு மட்டும் தெரியும்.

தங்கத்துக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பனி பார்க்க வேண்டும்.

"தில்லிக்கு வந்தா பனியைக் காட்டுதேன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தீங்க. இன்னிக்கு வரைக்கும் ஃப்ரிட்ஜைத் திறந்துதான் பாக்கேன்" என்பார்.

அவர்களுடைய மகள் வைஷ்ணவி குர்கானில் ஐ.டி. வேலையில் இருக்கிறாள். இந்த வருஷம் ஜனவரிக் கடைசியில் அவள் மலைமேல் ஒரு கேம்ப் இருப்பதாகச் சொன்னாள். டென்ட் வாசலிலேயே பனி கிடக்குமாம். ஆனால் டென்டில் கரண்ட் கிடையாது.

"அப்போ விடு" என்றார் நல்லசிவம்.

"அர்ரே அப்பா, சுனோ தோ, கேளுங்க முதல்ல! என் ஆபீஸ்ல நரேன்னு ஒருத்தன் இருக்கான். அவன்கிட்ட பவர் ஸ்டேஷன் இருக்கு. தர்றேன்னு சொன்னான்."

"பவர் ஸ்டேஷனா? வீட்டுலயா வெச்சிருக்கான்? பவர் ஸ்டேஷன்னா புகை போக்கி இருக்கணும்லா!"

மறுவாரம் அது வீட்டுக்கு வந்தது. டிபன் கேரியர் உயரத்துக்குக் கைப்பிடி வைத்த ஒரு பெட்டி, அவ்வளவுதான். உள்ளே பேட்டரி, முன்பக்கம் பிளக் சொருகும் துளைகள், எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று காட்டும் சின்னத் திரை. கூடவே சூட்கேஸ் மாதிரி மடித்த ஒரு சோலார் பேனல். விரித்தால் ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்குக் கறுப்பாகப் பளபளத்தது. வெயிலில் விரித்து, ஒயரைப் பெட்டியில் மாட்டினால் பெட்டி நிறையும். லிஃப்டில் என்னிடம் அவர் கேள்வி கேட்டது அந்த வாரத்தில்தான்.

மலைக்குப் போகுமுன் பக்கத்தில் எங்காவது சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவானது. நல்லசிவத்தின் அலுவலக நண்பர் சத்பீர் தஹியாவுக்கு தில்லி ஓரத்தில் நஜஃப்கட் தாண்டி வயல் இருந்தது. கடுகு பூக்கும் ஒவ்வொரு வருஷமும் அவர் கூப்பிடுவார், ஒவ்வொரு வருஷமும் முதுகுவலி வரும். இந்த முறை நல்லசிவமே கேட்டதும் தஹியாவுக்கு நம்ப முடியவில்லை.

"முதுகு சரியாகிவிட்டதா, சிவம் ஜீ?" என்று இந்தியில் கேட்டார்.

"பிளக் பாயின்ட்டோட வர்றேன் ஜீ" என்றார் இவர்.

வீட்டில் ஒரு நிபந்தனையும் போட்டார். "இங்க பாருங்க. அந்த வயல்ல ஒரு ராத்திரி மிஷின் ஓடிச்சின்னா பனிக்குப் போவோம். நடுவுல நின்னு போச்சின்னா இனிமே இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. சரியா?"

தங்கம் தலையை ஆட்டினார். அந்த வாரம் முழுக்க அவர் சாமிக்கு ஒரு பூ கூடுதலாக வைத்தார் என்று வைஷ்ணவி சொன்னாள்.

எதிர் வீட்டு வெங்கட்ராமனும் அவர் மனைவி ராஜியும் தாங்களும் வருவதாகக் கிளம்பினார்கள். ராஜி ஒரு பெரிய தூக்கில் வடாம் மாவு கிளறி எடுத்துக்கொண்டாள். மாசி மாதம் வடாம் போட்டாக வேண்டும், ஆனால் அவர்கள் வீட்டு பால்கனிக்கு வெயில் வருவது பேருக்குத்தான். வயல் முழுக்க வெயில் கிடக்கும்போது அதை வீணாக்கலாமா என்பது அவள் நியாயம்.

சனிக்கிழமை காலை மூடுபனி விலகும் நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். கண்ணுக்கெட்டிய வரை மஞ்சள். வரப்பில் மயில்கள் சொந்தக்காரர்கள் மாதிரி நடந்துகொண்டிருந்தன. வயலோரத்தில் இரண்டு டென்ட் அடித்தார்கள். வீட்டிலேயே முழுக்க சார்ஜ் செய்து கொண்டுவந்த பெட்டியை நல்லசிவம் ஒரு கயிற்றுக் கட்டிலில் வைத்தார். மனுஷருக்குக் கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற களை வந்துவிட்டது.

"வாங்க, வாங்க! நம்ம கரண்ட். யாருக்கு என்ன வேணும்?"

ராஜி சின்ன மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைத்தாள். வெங்கட்ராமன் பாட்டுப் பெட்டியை மாட்டினார். தஹியாவின் ஆட்கள் எல்லாருடைய போனும் வரிசையில் வந்து சேர்ந்தது. டீ போடப் பக்கத்து வயல்காரரின் கெட்டில்கூட வந்தது. வாழ்நாளெல்லாம் கரண்டை விற்றே பழகியவருக்குக் கொடுப்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மத்தியானம் வைஷ்ணவி திரையைப் பார்த்தாள். கால்வாசிதான் மிச்சம்.

"அப்பா! ராத்திரிக்கு?"

"மேல பாருட்டி. சூரியன் இருக்கார்லா. பேனலை விரி."

அவள் காருக்குப் பின்னால் பேனலை விரித்து, வெயிலைப் பார்க்கச் சாய்த்து நிறுத்தி, ஒயரை மாட்டிவிட்டுத் தஹியாவின் மனைவியோடு கிணற்றடிக்குப் போனாள்.

அப்போதுதான் ராஜி தூக்கும் கையுமாக வந்தாள். தரையெல்லாம் ஈரமும் மண்ணும். கட்டிலில் கயிறு இடைவெளி. கறுப்பாக, சுத்தமாக, தொட்டால் சுடுகிற இந்தப் பலகையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"நல்லசிவம் ஸார், இதைக் கொஞ்சம் படுக்கவெச்சு இது மேல வடாம் போட்டுக்கலாமா? கெட்டுப் போயிடாதே?"

நல்லசிவம் பேனலைத் தொட்டுப் பார்த்தார். நன்றாகச் சுட்டது. சொசைட்டி மொட்டை மாடியில் வெந்நீர் போடும் சோலார்தான் அவருக்குத் தெரிந்த சோலார். சூடு ஏறினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். யோசிக்கவே இல்லை.

"தாராளமாப் போடுங்க. ரெண்டுக்கும் வேண்டியது சூடுதான?"

ராஜி வெங்கட்ராமனின் பழைய வேஷ்டியை நாலு முனையும் சரியாகப் பேனல் மேல் விரித்து, ஓமம் மணக்கும் மாவை வட்ட வட்டமாக ஊற்றினாள். "மயில் வராம பாத்துக்கோங்கோ ஸார்" என்று ஒரு கறுப்புக் குடையும் கொடுத்துவிட்டுப் போனாள். தன்னுடைய ராத்திரித் தூக்கம் எதில் ஊற வேண்டுமோ அதை வேஷ்டி போட்டு மூடி, அதற்குமேல் குடையும் பிடித்துக்கொண்டு, நல்லசிவம் வெகு கவனமாகக் காவல் உட்கார்ந்தார். ஒரு மயில் மூன்று தடவை வந்தது. "போவே அங்கிட்டு!" என்று மூன்று தடவையும் திருநெல்வேலித் தமிழிலேயே விரட்டினார்.

வெயில் மேற்கே சாயத் தொடங்கியபோது வைஷ்ணவி திரும்பி வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். அதே கால்வாசி. பேனலைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா... யே க்யா ஹை?"

"வடாம்."

"வெளிச்சம் படணும்ப்பா! அது வெளிச்சத்துலதான் ஓடும், சூட்டுல இல்ல. ஒரு ஓரத்துல நிழல் விழுந்தாலே பாதி போயிடும். நீங்க வேஷ்டி கட்டிவிட்டுக் குடை வேற பிடிச்சிட்டிருக்கீங்க!"

நல்லசிவம் குடையை மெல்ல மடக்கினார். ஓடி வந்த ராஜி வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஐயையோ, என்னாலதானே!" "உங்களால இல்லம்மா, எம் மண்டையால" என்றார். தங்கம் டென்டுக்குள் போய், மாஸ்க் பையை எடுத்துக் காரில் வைத்தார். அதைப் பார்த்ததும்தான் நல்லசிவத்துக்குத் தான் போட்ட நிபந்தனை ஞாபகம் வந்தது. திட்டியிருந்தால் தேவலை. பனி என்ற பேச்சை இனி எடுக்க மாட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பெண்பிள்ளை அவர்.

"தங்கம், பையை இறக்கு. இன்னும் வெயில் இருக்கு" என்றார்.

நாலு பேர் நாலு முனையைப் பிடித்து வேஷ்டியை வடாம் குலையாமல் தூக்கிக் கட்டிலுக்கு மாற்றினார்கள். வெங்கட்ராமன் தான் கட்டியிருந்த வேஷ்டி நுனியாலேயே பேனலைத் துடைத்தார். வைஷ்ணவி அதை வெயிலுக்கு நேரே நிமிர்த்தியதும் பெட்டியின் திரையில் ஒரு எண் எகிறியது. எல்லாரும் "ஆ!" என்றார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தஹியா இன்றைக்கும் அலுவலகத்தில் நடித்துக் காட்டுகிறார். சூரியன் கொஞ்சம் நகர்ந்தால் நல்லசிவம் "திருப்பு" என்பார், இரண்டு பேர் பேனலைத் திருப்புவார்கள். டென்ட் நிழல் நீண்டது, பேனலைத் தள்ளி வைத்தார்கள். கார் நிழல் வந்தது, வெங்கட்ராமன் காரை நகர்த்தினார். வேப்பமர நிழல் எட்டிப் பார்த்தது.

"மரத்தை என்ன செய்வது, சிவம் ஜீ? வெட்டட்டுமா?" என்றார் தஹியா.

"வேண்டாம் ஜீ, நாங்களே போறோம்" என்று பேனலைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வரப்பில் ஓடினார்கள். மயில்கள் ஒதுங்கி வழிவிட்டன. கடைசிக் கீற்று கடுகுப் பூக்களுக்குள் இறங்கும்வரை பேனல் மேற்குப் பார்த்தே நின்றது. பெட்டியில் பாதிக்குக் கொஞ்சம் மேல் ஏறியிருந்தது.

போதுமா? வைஷ்ணவி போனில் கணக்குப் போட்டு உதட்டைப் பிதுக்கினாள். காற்றைத் தள்ளுவதற்கு அந்த மிஷினுக்கு அதிகம் வேண்டாம். காற்றை ஈரமாக்க ஒரு சின்னத் தொட்டியில் தண்ணீரைச் சுடவைக்கிறதே, அதுதான் கரண்டைக் குடிக்கிறது.

"அந்த ஹீட்டரை ஆஃப் பண்ணிட்டா காலைல வரைக்கும் வரும். பட் மூக்கு காயும்ப்பா, தொண்டை வலிக்கும்."

"ஒரு ராத்திரிதான? வலிச்சா வலிக்கட்டும்."

தங்கம் தன் மஃப்ளரைக் கழற்றி, குளிர் ஏறாதபடி அந்தக் காற்றுக் குழாயைச் சுற்றிக் கட்டினார். "யானைக்கு ஸ்வெட்டர் போட்டாச்சு" என்றார். அன்றைக்கு மத்தியானத்துக்கு அப்புறம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

நல்லசிவம் கண்ணைத் திறந்தபோது காலை வெயிலில் டென்ட் துணி மஞ்சளாக மின்னிக்கொண்டிருந்தது. வெளியே மயில் அகவியது. எங்கே இருக்கிறோம் என்பது உடனே புரியவில்லை. பிறகு காதருகே அந்த மெல்லிய சத்தம் கேட்டது. ஸ்ஸ்ஸ் என்று காற்று வந்துகொண்டிருந்தது. பெட்டியை எட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் மிச்சமே இருந்தது! தொண்டை மட்டும் அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது. பக்கத்தில் தங்கம் வாய் லேசாகத் திறந்தபடி, குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். மிஷின் வந்த பிறகும் வெளி இடத்தில் அவர் இப்படித் தூங்கி நல்லசிவம் பார்த்ததே இல்லை. எழுப்ப மனம் வராமல் மாஸ்க்கோடேயே படுத்துக் கிடந்தார்.

வெளியே வந்தபோது ராஜியும் வைஷ்ணவியும் கண் சிவக்கக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன, ரெண்டு பேரும் தூங்கலையா?"

"எங்க தூங்கறது ஸார்? இவரோட குறட்டையில டென்டே ஆடித்து. மயிலெல்லாம் பயந்து ஓடிப் போயிடுத்து" என்றாள் ராஜி.

"அங்கிள், ரியலி... ட்ராக்டர்!" என்றாள் வைஷ்ணவி, பின்னால் வந்த வெங்கட்ராமனைப் பார்த்து.

வெங்கட்ராமன் அசட்டுச் சிரிப்போடு தலையைச் சொறிந்தார். நல்லசிவம் அவர் தோளில் கை போட்டார். "நடுவுல சத்தம் நின்னு நின்னு வருதான்னு ராஜிகிட்ட கேளுங்க. வந்தா திங்கக்கிழமையே எங்க டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். பிள்ளையாராவுததுல ஒரு வெக்கமும் இல்ல ஓய்."

வடாமும் இரண்டாம் நாள் வெயிலில் முறுகக் காய்ந்தது. வயலிலேயே ஒரு கை பொரித்துத் தஹியா வீட்டாருக்குக் கொடுத்தார்கள். "சோலார் பாப்பட்", அதாவது சூரிய அப்பளம் என்று அவர்கள் பேர் வைத்துவிட்டார்கள்.

காரில் திரும்பும்போது தங்கம், "வைஷ்ணவி, அந்த நரேன் தம்பிக்குப் போன் போடு. பேனலை இன்னும் ஒரு வாரம் வெச்சுக்கிடுதோம்னு சொல்லு" என்றார். முன் சீட்டிலிருந்து நல்லசிவம் திரும்பிப் பார்த்தார். தங்கம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், சிரிப்பை மறைக்க.

அடுத்த வாரம் லிஃப்டில் நல்லசிவம் ஸாரைப் பார்த்தபோது கம்பளிக் குல்லாயும் கையில் மடித்த பேனலுமாகப் பனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "பதில் தெரிஞ்சிடுச்சு" என்றார். "ஒரு சாயங்கால வெயில் போதும். ஆனா திருப்பி வைக்க நாலு பேர் வேணும்."

உங்களுக்குத் தெரிந்த யாராவது ஒரு பிளக் பாயின்ட்டுக்காக வீட்டிலேயே இருந்துகொண்டு முதுகுவலி என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். அவர்களையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள். வேஷ்டி விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதைச் சேர்த்துச் சொல்லும்படி நல்லசிவம் ஸாரே கேட்டுக்கொண்டார்.