கரடிக்கு அம்மை போட்டிருந்த பதினான்கு நாட்கள்

ஆங் மோ கியோ அடுக்குமாடியில் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பேத்தியின் படப் புத்தகங்களை எண்ணி அடுக்கிவைப்பது என் வழக்கம். போன வாரம் நாற்பத்து மூன்று இருந்தன. இந்த வாரம் நாற்பத்தொன்றுதான். மீதி இரண்டு எங்கே என்று கேட்டால், “சோபாவுக்கு அடியில எங்கயாவது கிடக்கும்பா, விடுங்களேன்” என்கிறாள் மகள். எனக்கு விட வராது. சோபாவைத் தள்ளிப் பார்த்தேன். ஒன்று கிடைத்தது. இன்னொன்றை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

இருக்கும் புத்தகங்களில் பதினேழில் கரடி பொம்மை வருகிறது. சட்டை போட்ட கரடி, குடை பிடித்த கரடி, யானை பொம்மையோடு தேநீர் குடிக்கும் கரடி. எல்லாவற்றுக்கும் முகம் பளிச்சென்று இருக்கிறது. எனக்குத் தெரிந்த முதல் கரடிக்கு முகத்தில் முப்பத்தொரு புள்ளிகள் இருந்தன.

ஐம்பதுகளின் கடைசி அது. எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஐந்து. தேக்காக் கடைத்தெருவில் ஒரு கடைவீட்டின் மாடியறையில் இருந்தோம். ஏறுவதற்குப் பதினெட்டுப் படிகள், அதில் ஏழாவது படி ஆடும். அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. அவர் சட்டைப் பையில் ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமாக ஒரு பென்சில் எப்போதும் இருக்கும்.

என் பள்ளியில் நூலகம் என்பது வகுப்பின் மூலையில் நின்ற ஓர் அலமாரி. அதில் வண்ணப் படம் போட்ட புத்தகம் ஒன்றே ஒன்றுதான். ஒரு கரடி பொம்மையும் அதன் நண்பர்களான துணி முயல், மரக்குதிரை, சக்கரம் வைத்த வாத்து ஆகியோரும் ரயிலேறிக் கடல் பார்க்கப் போகிற கதை. இருபத்தெட்டுப் பக்கங்கள், அவற்றில் பதினான்கில் கரடி. ஒன்பது வயதுப் பையன்களுக்குச் சிறுபிள்ளைத்தனமான கதைதான். ஆனாலும் நாற்பத்திரண்டு பேரும் அதற்காகக் காத்திருந்தோம். வரிசை எண்படி ஆளுக்கு இரண்டு நாள். நான் முப்பத்தேழு. எனக்கு அடுத்தவன், முப்பத்தெட்டு, எங்கள் தெருப் பால்காரர் மகன்.

அலமாரியின் சாவி எங்கள் வகுப்பு டீச்சரிடம் இருந்தது. யாழ்ப்பாணத்து அம்மா. பள்ளிக்குள் ஆங்கிலத்தைத் தவிர ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒரு பக்கத்தின் முனை மடிந்திருந்தால்கூட விரல் முட்டியில் அடிகோல் விழும். அவர் முகம் முழுக்கப் பெரியம்மைத் தழும்பு. பையன்கள் அவருக்கு வைத்த பெயர் ‘சல்லடை’. நான் அப்படிச் சொன்னதே இல்லை. பாடம் நடக்கும்போது தழும்புகளை எண்ணுவதோடு சரி. இடது கன்னத்தில் நாற்பத்தாறு வரை வருவேன், அதற்குள் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுவார். பெயர் வைத்தவர்களைவிட நான் நல்ல பிள்ளை என்று நினைத்திருந்தேன்.

என் முறை வந்து புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோன மறுநாள் காலை தங்கைக்கு அம்மை போட்டது.

அம்மா வாசலில் வேப்பிலை கட்டினார். வீட்டில் தாளிப்பு நின்றது. அப்பா சவரம் செய்யும் கண்ணாடி சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டப்பட்டது. என்னைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அம்மை இறங்கித் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை இந்த வீட்டிலிருந்து ஒரு துரும்பும் வெளியே போகக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. புத்தகமும் துரும்புகளில் ஒன்றானது.

நான்காம் நாளே தெருவில் வந்து நின்றான் முப்பத்தெட்டு.

“டேய் முப்பத்தேழு! எத்தனை நாளுடா வெச்சுக்குவே? அடுத்தது நான்லா!”

“வெளிய குடுக்கக்கூடாதுன்னு அம்மா சொல்றாங்கடா. தங்கச்சிக்கு மூணாந்தண்ணி ஊத்தணும்.”

“ஜன்னல் வழியா போடு, பிடிச்சுக்கறேன்!”

“அம்மா அடிப்பாங்க.”

“சல்லடை அதைவிட நல்லா அடிக்கும், பாத்துக்க!”

இரண்டு நாள் புத்தகம் நான்கு நாள் ஆகிவிட்டது. இனி அந்த அலமாரிப் பக்கமே என்னை விடமாட்டார்கள் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

தங்கைக்கு அந்தக் கவலை இல்லை. முதல் நாளே கதை முழுவதையும் தமிழில் சொல்லவைத்துவிட்டாள். பிறகு புத்தகம் அவள் தலையணைக்கு அடியில் வேப்பிலையோடு கிடந்தது. தினமும் காலையில் கண் விழித்ததும் அவள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி.

“அண்ணா, மூஞ்சில இன்னைக்கு எத்தனை?”

அதைக் கேட்க அவளுக்கு வேறு ஆள் இல்லை. அம்மாவிடம் கேட்டால், “முத்து முத்தா ஆத்தா வந்திருக்கா, எண்ணக்கூடாது” என்பார். எனக்கோ எண்ணுவதைப் போல வேறு சுகம் கிடையாது. முதல் நாள் நாலு. இரண்டாம் நாள் பத்தொன்பது. மூன்றாம் நாள் முப்பத்தொன்று. சரியாக எண்ணிச் சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுவேன்.

மூன்றாம் தண்ணீரும் ஊற்றி முடிந்து, பதினைந்தாம் நாள் நான் பள்ளிக்குக் கிளம்பினேன். புத்தகத்தை எடுத்துத் திறந்தேன். முதல் படத்தில் ரயிலேறும் கரடியின் முகத்தில் நாலு சிவப்புப் புள்ளிகள். அடுத்ததில் பத்தொன்பது. அதற்கடுத்ததில் முப்பத்தொன்று. அப்பாவின் சிவப்புப் பென்சில். ஒரு நாளைக்கு ஒரு கரடி. பிறகு புள்ளிகள் குறைந்துகொண்டே வந்து, கடைசிப் பக்கத்தில், கடலோரம் படுத்துத் தூங்கும் கரடியின் நெற்றியில் இரண்டே இரண்டு.

இரப்பரை எடுத்து முதல் கரடியைத் தேய்த்தேன். புள்ளி போகவில்லை, கன்னம் முழுக்கச் சிவந்ததுதான் மிச்சம்.

“அழிக்காதண்ணா, வலிக்கும்” என்றாள் தங்கை. “அதுக்கு எல்லாம் உதிர்ந்துருச்சு. ரெண்டுதான் போகமாட்டேங்குது. அது கண்ணாடி பாக்கல, அதனால அழல.”

டீச்சர் மேசைக்கு முன்னால் விரல் முட்டிகளைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அவர் புத்தகத்தைத் திறந்தார். முதல் கரடி, இரண்டாவது கரடி. அடிகோலை நோக்கிப் போன கை பாதியில் நின்றது. பின்வரிசையிலிருந்து முப்பத்தெட்டு கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தங்கச்சி போட்டது டீச்சர்” என்றேன். “அம்மை போட்டிருந்துச்சு. கணக்கு மட்டும் நான் சொன்னது. கண்ணாடிய அம்மா திருப்பி மாட்டிட்டாங்க, அதனால என்னைக் கேட்டா.”

அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நான் படித்ததைவிட மெதுவாகப் படித்தார், இத்தனைக்கும் அவர் பார்த்தது படங்களை மட்டுந்தான். கடைசிக் கரடியிடம் வெகுநேரம் இருந்தார். பிறகு, நான் கேட்டே இராத ஒரு தமிழில், தணிந்த குரலில் கேட்டார்.

“இப்பவும் கண்ணாடி திரும்பித்தான் கிடக்குதோ?”

“ஆமா டீச்சர். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போய்ட்டு வந்துதான் நேரா மாட்டுவாங்க.”

“நேரா மாட்டேக்க நீ அவளுக்குப் பக்கத்தில நில்லு.” புத்தகத்தை மூடினார். “எண்ணாதை.”

எனக்கு முகம் சுட்டது. அவர் கன்னத்தை நான் எண்ணுவது எப்படியோ தெரிந்துபோயிற்று, அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

டீச்சர் பதிவேட்டைப் பிரித்து என் பெயருக்கு எதிரே எழுதினார். தலைகீழாக இருந்தாலும் படித்துவிட்டேன். புத்தகம் நல்ல நிலையில் திரும்பி வந்ததாம். பதினான்கு கரடிகளும் பாழான புத்தகத்துக்கு எப்படி அப்படி எழுதலாம் என்று எனக்கு அப்போதே ஓர் ஆட்சேபம் இருந்தது. புத்தகம் அலமாரிக்குள் போகவில்லை. அவருடைய கைப்பைக்குள் போனது. அம்மை வீட்டுப் புத்தகம், எரித்துவிடுவார்கள் என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள். முப்பத்தெட்டு அதன்பின் என்னோடு பதினொரு நாள் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை அப்பா கண்ணாடியைத் திருப்பி மாட்டினார். தங்கை முக்காலியில் ஏறி நின்றாள். டீச்சர் சொன்னபடி நான் பக்கத்தில் நின்றேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டு வந்தது.

“எத்தனைண்ணா?”

“எண்ணல” என்றேன். உண்மையாகவே எண்ணவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒன்று அதற்கு முன் நடந்ததில்லை.

அவள் என்னைப் பார்த்தாள், மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். நெற்றியை விரலால் தடவி, “கரடி மாதிரியேதான் இருக்கு” என்றாள். முக்காலியிலிருந்து குதித்து, ஆடும் ஏழாவது படியைத் தாண்டிக் கீழே விளையாடப் போய்விட்டாள்.

வெறும் இரண்டுதானே, எண்ணியிருந்தால் என்ன குறைந்துவிட்டிருக்கும் என்று எனக்கு டீச்சர் மேல் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது யாழ்ப்பாணத்தில் ஏதோ ஒரு வீட்டிலும் ஒரு கண்ணாடி திருப்பி மாட்டப்பட்டிருக்கும். அதை நேராக்கிய அன்று அவர் பக்கத்தில் நின்று எண்ணியது யார் என்று யோசிக்க எனக்கு அப்போது தெரியவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் டீச்சரின் இடது கன்னத்தில் நான் நாற்பத்தாறு வரை வந்தேன்.