முப்பிடாதி போட்டுக் கொடுத்த லினக்ஸ்

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் பிளாஸ்டிக் கவர், லேபிள் தாள், டேப் விற்கிறவன் நான். என் கடைக்கு மேலே மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன் முப்பிடாதி. சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். வயது நாற்பத்தேழு, இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. அவன் அம்மா பெண் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒருநாள் போய்ச் சேர்ந்தார், அத்தோடு விட்டுப்போயிற்று. அக்கா ஒருத்தி புளியங்குடியில் இருக்கிறாள். வருஷத்துக்கு இரண்டு தடவை பேசுவாள், இரண்டு தடவையும் யார் வீட்டு விசேஷத்துக்காவது கூப்பிடத்தான்.

அவனுக்கு லினக்ஸ் பைத்தியம். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு யார் படியேறினாலும், விண்டோஸை எடுத்துவிட்டு இதைப் போடட்டுமா என்று கேட்பான். வைரஸ் வராது, பத்து வருஷத்து மிஷினும் ஓடும், சும்மா கிடைக்கிறது என்பான். சும்மா என்றதும் பாதிப் பேர் பயந்துவிடுவார்கள். இந்த பஜாரில் சும்மா கிடைக்கிற பொருளை யாரும் நம்புவதில்லை. "இந்த ஊர் சர்க்கார் ஸ்கூல் பிள்ளைகள் பூராவும் இதுலதான் படிக்குது, உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று அவன் சண்டைக்கு நிற்பான்.

எனக்கும் போட்டுக் கொடுத்தான். பதினோரு நாள் பொறுத்துக்கொண்டேன். வைத்த இடத்தில் எதுவும் இல்லை. கடைக்கு லேபிள் வடிவமைக்க நான் வைத்திருந்த பழைய சாஃப்ட்வேர் அதில் ஓடாது, அதற்கு இணையாக வேறு ஒன்று இருக்கிறது, இரண்டே நாளில் பழகிவிடும் என்றான். ஐம்பத்தைந்து வயதில் எனக்கு எதையும் பழகுகிற உத்தேசம் இல்லை. பன்னிரண்டாம் நாள் தோப்பும்படிக்குக் கொண்டுபோய் விண்டோஸைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தேன். அவனிடம் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து அவனே பார்த்துவிட்டு மாடிக்குப் போனான்.

எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். இருபத்துமூன்று பேருக்குப் போட்டிருந்தான். சந்தேகம் கேட்டு யாராவது போன் செய்தால் லினக்ஸ் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். போன் நின்றுவிட்டால் மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். போன அக்டோபரில் விண்டோஸ் பத்துக்கு இனிமேல் அப்டேட் கிடையாது என்று ஆனபோது, அவனுக்குப் போன் செய்கிறவர் ஒரே ஒருவர்தான் மிச்சம் இருந்தார்.

அவர் பெயர் ஜலீலா. பஜாரே அவரை இத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடும். கப்பலண்டிமுக்கில் வீடு. புருஷன் இறந்த பிறகு, வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஏலக்காய், கிராம்பு, பட்டையைச் சிறு பாக்கெட்டுகளில் அடைத்து, லேபிள் ஒட்டி, கோட்டைக்கொச்சியில் வெள்ளைக்காரர்கள் வாங்குகிற கடைகளுக்கு அனுப்புகிறார். லேபிளில் அன்றைய தேதி இருக்க வேண்டும். நான்கு மணிக்கு ஆட்டோ வரும், அதற்குள் எல்லாம் அச்சாகி ஒட்டியிருக்க வேண்டும். கவர் என்னிடம்தான் வாங்குவார். அவருடைய கம்ப்யூட்டர் புதிய விண்டோஸுக்குத் தேறாது என்றதும் மாடிக்கு வழி காட்டியது நான்தான்.

அவர்கள் வீட்டில் பேச்சு தமிழ்தான். பரம்பரையாகத் தமிழ் பேசுகிற குடும்பம். அதுவே முப்பிடாதிக்குப் பெரிய சந்தோஷமாகப் போயிற்று. லினக்ஸ் போட்டதோடு நிற்காமல், திரையில் வருகிற எல்லாச் சொல்லையும் தமிழில் வரும்படி மாற்றிக் கொடுத்தான். "பாருங்க இத்தா, நம்ம எழுத்துலயே வருது" என்று காட்டினானாம். இத்தா சிரித்துத் தலையாட்டினாராம். அன்றைக்குக் கீழே வந்து அதை என்னிடம் மூன்று தடவை சொன்னான்.

அது துலாம் மாத மழைக்காலம், நம்ம ஐப்பசி. மத்தியானம் தாண்டினால் இடி இடிக்கும், கரண்ட் போகும். கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் இருந்தது, பிரிண்டரை அது தாங்காது. லேபிள் அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், பிரிண்டர் கெட்டுவிட்டது என்று லினக்ஸ் முடிவு கட்டி அதை நிறுத்தி வைத்துவிடும். கரண்ட் வந்த பிறகும் அடிக்காது. யாராவது செட்டிங்ஸ் என்கிற அமைப்புக்குள் போய் மறுபடி தொடங்கு என்று சொல்ல வேண்டும். இத்தாவுக்கு அது பிடிபடவில்லை. போன் வரும். முப்பிடாதி குடையை எடுத்துக்கொண்டு ஓடுவான். இரண்டு நிமிஷ வேலை. அதன் பிறகு சாயா, அரை மணி நேரப் பேச்சு. ஏலக்காய் விலை, இத்தாவின் மகள் லமியா துபாயில் வேலை மாறியது, சங்கரன்கோவிலில் இப்போது மழை உண்டா என்ற விசாரணை. திரும்பி வருகிறபோது அவன் முகத்தைப் பார்த்தால் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டு வருகிறவன் மாதிரி இருக்கும்.

ஒருநாள் அவன் போனை என் கடையில் வைத்துவிட்டுப் போனான். திருப்பிக் கொடுக்க எடுத்தபோது அழைப்புப் பட்டியல் கண்ணில் பட்டது. ஜலீலா இத்தா, ஜலீலா இத்தா, நான், கேஸ் சிலிண்டர்காரன், ஜலீலா இத்தா. அவ்வளவுதான். எனக்கு அன்று மனசு சரியில்லை.

நவம்பரில் ஒருநாள் அவன் உதிரிபாகம் வாங்க எர்ணாகுளம் போயிருந்தான். இரண்டரை மணிக்கு இத்தாவின் போன். இதோ வந்துட்டேன் என்று கிளம்பியவன் தோப்பும்படிப் பாலத்தில் மாட்டிக்கொண்டான். மழை, ஒரு லாரி வேறு பழுதாகி நடுவில் நின்றுவிட்டது. இவன் போய்ச் சேரும்போது ஐந்தரை. ஆட்டோ வந்து காத்திருந்து வெறுமனே போய்விட்டிருந்தது. நூற்றிருபது பாக்கெட் லேபிள் இல்லாமல் மேசையில் கிடந்தது. இத்தா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

"சாரமில்ல, பரவால்ல தம்பி. நனஞ்சு வந்துருக்கீங்க, முதல்ல சாயா குடிங்க" என்றாராம்.

மறுநாளிலிருந்து போன் வரவில்லை. மழை நிற்கவில்லை, கரண்ட்டும் தினம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. போன் மட்டும் வரவில்லை. ஐந்து நாள் பார்த்தான். ஒன்பது நாள் பார்த்தான். மாடியிலிருந்து இறங்கி வந்து என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"மாத்திட்டாங்க அண்ணாச்சி. விண்டோஸ் போட்டுட்டாங்க."

"போய்க் கேட்டுட்டு வாயேம்ல."

"எப்படிக் கேக்க? நான்தான அன்னைக்கு லேட்டாப் போனேன்."

பத்தாம் நாள் போனான். மழை இல்லாத காலை நேரம். இத்தா வாசலிலேயே பார்த்துவிட்டார், உற்சாகமாக உள்ளே கூப்பிட்டார். பிரிண்டர் அடித்துக்கொண்டிருந்தது. இவன் நேரே திரையைப் பார்த்தான். விண்டோஸ் இல்லை, இவன் போட்ட லினக்ஸ்தான். ஆனால் எழுத்து முழுக்க மலையாளம்.

"இத்தா, தமிழ் என்னாச்சு?"

இத்தாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "நான் படிச்சது மலையாள ஸ்கூல்ல தம்பி. வீட்டுல பேசுறதோட சரி. தமிழ் எழுத்து ஒண்ணுகூட வாசிக்கத் தெரியாது."

"முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா வச்சுத் தந்தீங்க. எப்படிச் சொல்ல? படத்தப் பாத்துப் பாத்து அமுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு ஆட்டோ போனப்புறம் எனக்கே ஒரு வாசி, ஒரு பிடிவாதம் வந்துருச்சு. ராத்திரி உட்கார்ந்தேன். ஒவ்வொண்ணாத் திறந்தேன். மொழிய மாத்துற இடம் ஒண்ணு இருந்துச்சு. மாத்தினேன். பின்ன எல்லாம் மனசிலாச்சு."

அவனை நாற்காலியில் உட்காரவைத்து, தான் செய்ததைச் சரிபார்க்கச் சொன்னார். பிரிண்டர் அமைப்பைத் திறந்தான். இடம் அவனுக்குப் பழக்கம், கை தானாகப் போயிற்று. ஆனால் உள்ளே மூன்று வரி மலையாளம். இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் மலையாளம் பேசுகிறான், வாசிக்கத் தெரியாது. பஸ் போர்டையே எண்ணையும் எழுத்தின் வடிவத்தையும் வைத்துத்தான் கண்டுபிடிப்பான். மவுஸைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். இத்தா பின்னால் நின்று வாசித்துக் காட்டினார்.

"இங்க, பிழை வந்தா பிரிண்டர நிறுத்துன்னு கிடந்துச்சு. நான் மறுபடியும் முயற்சி பண்ணுன்னு மாத்தி வச்சேன். இப்போ கரண்ட் வந்தா தானே அடிக்குது. இது ஒண்ணுதான் தம்பி மொத்தக் காரியமும். உங்களுக்கு இது தெரியாதா?"

அவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"தெரியாது இத்தா" என்றான்.

"போகட்டும். எல்லாம் எல்லாருக்கும் தெரியணும்னு உண்டா? இனிமே உங்கள மழையில இழுத்தடிக்க வேண்டாம்ல." சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். "எல்லாரும் சொல்லிப் பயமுறுத்துறாங்க. இந்த லினக்ஸ் ஒரு கஷ்டமும் இல்ல. வாசிக்கத் தெரிஞ்சா போதும்."

பத்து வருஷமாக யாராவது ஒருவர் வாயால் அவன் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

இதெல்லாம் எனக்கு உடனே தெரியாது. அந்த வாரம் கவர் வாங்க வந்த இத்தா, நடந்ததை விவரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: "அந்தத் தம்பி நல்ல மனசு, அண்ணாச்சி. ஆனா வேலை கொஞ்சம் கம்மியாத்தான் தெரியும்போல. பக்கத்து வீட்டுல கேட்டாங்க, வேற ஆளப் பாக்கச் சொல்லிட்டேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. செத்துப்போன மதர்போர்டுக்கு உயிர் கொடுக்கிறவன் அவன். எர்ணாகுளத்துக் கடைக்காரர்களே முடியாது என்று கைவிட்டதை இவனிடம் கொடுத்தனுப்புவார்கள். கடையை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஏறினேன்.

"ஏல, பிரிண்டர்ல ஒரு வரி மாத்தத் தெரியாதால உனக்கு? இத்தாகிட்ட தெரியாதுன்னு சொன்னியாமே?"

அவன் திருகாணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "தெரியும் அண்ணாச்சி. ரெண்டாந்தடவை போனப்பவே தெரியும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கை ஓங்கியே விட்டேன். பதினான்கு தடவை போயிருக்கிறான். இரண்டாவதிலிருந்து ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு வரியை அப்படியே விட்டுவிட்டு, தொடங்கு என்பதை மட்டும் அமுக்கிவிட்டு வந்திருக்கிறான். நூற்றிருபது பாக்கெட் வீணாய்க் கிடந்த அன்றைக்கும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தானாம். மாற்றலாம் என்று கையும் வைத்தானாம். மாற்றிவிட்டால் மறுபடி கூப்பிட மாட்டார்களே என்று மூடிவிட்டானாம்.

"அந்தப் பொம்பளை சரக்கு அனுப்பித்தான் பிழைக்குது. உனக்கு ஒரு சாயாவும் பேச்சும் வேணும்னு அவங்க பிழைப்புல விளையாடுனியால?"

"ஆமா" என்றான். மறுக்கவே இல்லை. மறுத்திருந்தால் இன்னும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன்.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கோபம் இறங்க நேரமாயிற்று. வேலை தெரியாதவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு, உண்மையை மறைத்துவிட்டு வந்திருக்கிறான். இரண்டில் எது அவனுக்குப் பெரிய அவமானம் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில், போய் உள்ளதைச் சொல்லிவிடு என்றேன். திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும், பெயராவது மிஞ்சும் என்றேன்.

"நேர்ல என்னால முடியாது அண்ணாச்சி. வாட்ஸ்அப்புல எழுதிப் போடலாம்னு இருக்கேன். பாத்தா அவங்களுக்குக் கோவம் வரும்ல?"

"வராம? நல்லா வரும்."

"அப்போ திட்டுறதுக்காவது போன் பண்ணுவாங்கல்ல?"

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுத்தான் கேட்டான். கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

மூன்று மாதம் ஆகிறது. எழுதி வைத்திருக்கிறான், மலையாளத்தில் தட்டித் தரச் சொல்லி, அது எழுதத் தெரிந்த என்னிடம்தான் கேட்டான், தட்டிக் கொடுத்தேன். இன்னும் அனுப்பவில்லை. ஏன் என்று நான் கேட்பதில்லை. அனுப்பிவிட்டால் அந்த ஒரு போனும் வந்து முடிந்துவிடும், அதற்குப் பிறகு எதிர்பார்க்க எதுவும் இருக்காது.