நிற்காமல் ஓடிய படம்

அப்பா இறந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருடைய டிவியில் படம் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடியது. அப்படி ஓட வைத்தவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா கப்பலில் செராங், தளத்து ஆட்களுக்குத் தலைவர். போன துறைமுகத்தில் எல்லாம் ப்ளூ-ரே படத் தட்டுகளாக வாங்கிச் சேர்த்தவர். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்தபின், துறைமுகத்துக் கிரேன்களாவது கண்ணில் படட்டும் என்று மாடியறையைக் கேட்டு வாங்கிப் படுத்துக்கொண்டார். அத்தனை தட்டுகளையும் நான் கீழே கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஒரு படம் முப்பது ஜிபி. சுருக்கினால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும், அந்தக் கேவலத்தை நான் செய்வதில்லை. ஆனால் எங்கள் வீடு கடலில் வெட்டியெடுத்த பவளப்பாறைக் கல்லில் கட்டிய பழைய வீடு, சுவரெல்லாம் இரண்டடி கனம். அந்தச் சுவரைத் தாண்டி வைஃபை மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் செத்துவிடும். கால் மணிக்கொரு தரம் படம் நின்று திரையில் சக்கரம் சுற்றும்.

நின்றதும் அப்பா இடது கையால் ஸ்பூனை எடுத்து, கட்டிலோரம் இறங்கும் தண்ணீர்க் குழாயில் இரண்டு தட்டு தட்டுவார். அடுப்படி வரை கேட்கும். சும்மா ஆளைக் கூப்பிடக் கூடாது என்பது அவர் கப்பலில் பழகிய சட்டம். தண்ணீர் வேண்டும் என்றுகூடத் தட்டியதில்லை. படம் நின்றால் அது பழுது, பழுதுக்கு ஆள் வந்துதான் ஆகவேண்டும்.

"ஏலே, மேல தட்டுதாவ பாரு" என்பாள் அம்மா. நான் துறைமுக ஆபீசுக்கு வேலைக்குப் போய்விட்டால் அவளேதான் ஏற வேண்டும். "ஒரு நாளைக்குப் பத்து தடவ ஏறுதேன். என் முட்டு போச்சுலே."

நான் ஏறிப்போனால், படம் திரும்ப ஓடும்வரை அப்பா குழறலாகக் கேட்பார்: "இன்னைக்கு என்ன கப்பல் வந்திருக்குலே?"

நிலக்கரி, மரத்தடி, என்னவோ ஒன்றைச் சொல்வேன். என் கண்ணெல்லாம் சக்கரத்தின் மேல் இருக்கும்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஒரு மனுஷனுக்கு மிஞ்சியிருப்பது படம் ஒன்றுதான், அதுவும் ஒழுங்காக ஓடவில்லை என்றால் நான் என்ன பிள்ளை? புதன்கிழமை லீவு போட்டேன். டிரில்லிங் மெஷின் இரவல் வாங்கி, உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூளாக, சுவரைத் துளைத்து மாடி வரை கேபிள் இழுத்தேன். படம் தண்ணீராக ஓடியது. ஒன்று முடிந்தால் அடுத்தது தானே தொடங்கும்படியும் செய்துவைத்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்ததுமே குழாயில் தட்டு கேட்டது. ஓடினேன்.

"நின்னுட்டு" என்றார் அப்பா.

திரையில் சக்கரம் இல்லை, இரண்டு கோடுகள். "இது நின்னது இல்லப்பா. பட்டன அமுக்கிட்டீங்க" என்றேன். வெள்ளிக்கிழமை மூன்று தடவை. சனிக்கிழமை காலை மறுபடியும். கை தவறி அமுக்குகிறார் என்று, ரிமோட்டை எடுத்து பீரோவுக்கு மேலே வைத்துவிட்டு இறங்கினேன். என்ன கப்பல் என்று அவர் கேட்டது படியில் பாதி இறங்கிய பிறகுதான் காதில் விழுந்தது. திரும்பி ஏறவில்லை.

அதன்பின் குழாயில் தட்டும் சத்தமே இல்லை. ஞாயிறு, சர்ச்சில் பூசைக்குப் போய் வந்து, அப்பாவுக்குச் சோறு கொடுத்துவிட்டு அம்மா நிம்மதியாகத் தூங்கினாள். நான் கீழே உட்கார்ந்து, சாதித்துவிட்டோம்டா என்று நினைத்தேன். நாலரைக்கு டீயோடு ஏறிய அம்மாவின் அலறல் கேட்டது. சோறு சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே போயிருக்கும் என்றார் டாக்டர். டிவியில் அடுத்த படம் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. அடக்கத்திலும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. கேபிளைச் சுற்றிவைத்தேன், சுவர் ஓட்டையில் சிமென்ட் பூசினேன், ஆபீஸ் போனேன்.

முப்பதாம் நாள் பூசைக்காக அறையை ஒதுக்கும்போது அம்மா பீரோவுக்கு மேலிருந்து ரிமோட்டை எடுத்தாள்.

"இது ஏம்லே இங்கன கெடக்கு?"

"அப்பா தப்புத் தப்பா அமுக்கிட்டே இருந்தாவ."

அம்மா என்னைப் பார்த்தாள். "முப்பது வருசம் கப்பல்ல ரெண்டு கையாலயும் சரக்கு தூக்குத வின்ச் புடிச்சவிய. அவியளா தப்பா அமுக்குவாவ?"

ரிமோட்டை முந்தானையால் துடைத்து, கட்டிலில் அவர் இடது கை இருந்த பக்கம் வைத்தாள்.