ஃபிளைட் சூட்

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் தியாகதுருகம் சாலையில் மறியலுக்கு உட்கார்ந்தவர்களில் என் அண்ணனும் ஒருவன். போலீஸ் பெயரெழுதியது. அண்ணன் கல்வராயன் மலைக்கு ஓடிவிட்டான். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ஓடியதைப் பற்றியும் வழக்கைப் பற்றியும்தான் பேச்சு.

சாலை திறந்ததும் நான் சென்னைக்குப் போனேன். விமானிகளுக்கு உடுப்பு தைக்கும் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலைக்கு நேர்காணல். மேலாளர் ஓர் ஆங்கிலத் தாளை நீட்டி, தலைப்பைத் தமிழில் சொல்லச் சொன்னார். ஃபிளைட் சூட். போரில் தோற்ற அரசன் தப்பி ஓடியதைப் பள்ளிப் பாடத்தில் ஃபிளைட் என்று படித்திருந்தேன். வரப்புத் தகராறில் அப்பா போட்ட வழக்கின் காகிதங்களில் சூட் என்றிருக்கும்.

"தப்பி ஓடினவங்க மேல போடுற வழக்கு, சார்."

அவர் பக்கத்து மேசைக்காரர்களைக் கூப்பிட்டார். "இன்னொரு தடவ சொல்லுப்பா."

பதில் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்து, இன்னும் சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். இன்றும் உடம்பு கூசுவது அந்த இரண்டாவது தடவைக்குத்தான்.

மறுவாரம் மலைக்கு, அண்ணனுக்குத் துணிமணி கொண்டுபோனேன். தெரிந்தவர் கொல்லையில் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"வேல இன்னாடா ஆச்சு?"

"கெடைக்கல."

"என் கேஸத் தெரிஞ்சிக்கினாங்களா?"

"அதெல்லாம் இல்ல."

அவன் நம்பவில்லை. "என்னாலதான்டா," என்று திரும்பிக்கொண்டான். நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கம். அவன் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு திருக்கோவிலூர் நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டினேன். பறப்பதற்கும் தப்பி ஓடுவதற்கும் ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, வேர் வேறு. சூட் மட்டும் உடுப்புக்கும் வழக்குக்கும் ஒரே சொல். பின்தொடர்தல் என்ற பழைய பொருளிலிருந்து வந்தது. பாதியாவது நான் சொன்னது தப்பில்லை என்று மேலாளருக்குக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

அண்ணன் சரணடைந்தான். வாய்தா வாய்தாவாகக் கள்ளக்குறிச்சிக்கு அலைந்தான். வழக்கு நடக்கும்போதே இட ஒதுக்கீடு வந்தது. அவன் விடுதலையானபோது அரசு வேலைக்கான வயது தாண்டியிருந்தது. இப்போது கரும்பு வெட்டப் போகிறான். எனக்கு அந்த வேலை கிடைக்காதது தன்னால்தான் என்று இன்னும் நம்புகிறான். நானும் இன்னும் சொல்லவில்லை.